கைநழுவிய ஃபெடரல் கான்ட்ராக்டுக்காக ஜி.ஏ.ஓ. வரை போனோம்

அமெரிக்க ஃபெடரல் துறை ஒன்றுக்கு ஐ.டி. ஹெல்ப் டெஸ்க் நடத்தித் தரும் வேலை. வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று மெயில் வந்ததும், "விடுங்க, அரசாங்கத்தோட மல்லுக்கட்ட முடியுமா?" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு விட மனசில்லை. எங்கள் விலைதான் குறைவு, அப்படியிருந்தும் எதில் தோற்றோம்?

ப்ரொபோசல் வாங்கி மதிப்பிடும் இந்த மாதிரி போட்டியில், தகவல் வந்த 3 நாளுக்குள் எழுத்தில் கேட்டால் டீப்ரீஃபிங் (ஏன் தேர்வாகவில்லை என்ற விளக்கம்) கொடுத்தே ஆகவேண்டும். அன்று மாலையே கேட்டேன். வந்த கடிதத்தில், ஊழியர் விலகினால் மாற்று ஆளுக்கு என்ன ஏற்பாடு என்பதை நாங்கள் விளக்கவில்லை, அது பெரிய பலவீனம் என்று இருந்தது. எங்கள் ப்ரொபோசலில் அதற்கென்றே தனித் தலைப்பு போட்டு, அட்டவணையோடு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது! வயிறு எரிந்தது. இந்த மாதிரி கான்ட்ராக்ட் புகார்களை விசாரிக்கும் ஜி.ஏ.ஓ.விடம் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம்) மனு போட முடிவெடுத்தோம்.

ஆனால் ஜி.ஏ.ஓ. யார் சிறந்தவர் என்று மறுபடி மார்க் போடாது. அறிவித்த விதிப்படி மதிப்பிட்டார்களா, அந்தப் பிழையால் நம் வாய்ப்பு போனதா, இவ்வளவுதான் பார்க்கும். அதனால் வக்கீல் அந்தப் பக்கத்தையும் டெண்டர் விதியையும் கடிதத்தின் வரியையும் அடுத்தடுத்து வைத்தே மனுவை எழுதினார்.

காலக்கெடுதான் கழுத்தை நெரிக்கும். மனு போட பொதுவாக 10 நாள் என்பார்கள், ஆனால் அரசு கான்ட்ராக்ட் போட்டிகளுக்கான 1984 சட்டப்படி கான்ட்ராக்ட் வேலை தானாக நிற்கவேண்டுமானால், டீப்ரீஃபிங் முடிந்த 5 நாளுக்குள் ஜி.ஏ.ஓ.விடமிருந்து துறைக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், மனு போட்டால் மட்டும் போதாது, அதனால் கடைசி நாள் வரை இழுக்கவே கூடாது. வேலை நிற்காவிட்டால், தீர்ப்பு வருவதற்குள் (அதற்கு 100 நாள் வரை அவகாசம் உண்டு) ஜெயித்தவர் ஊன்றிவிடுவார்.

அப்புறம் 30 நாளில் எங்கள் மனுவுக்குத் துறையின் பதில் அறிக்கை. ரகசியக் காப்பு உத்தரவு இருப்பதால் அதை முழுதாகப் பார்க்க வெளி வக்கீலுக்கு மட்டுமே அனுமதி. எங்கள் தலையெழுத்தே அதில் இருக்கிறது, என்ன இருக்கு என்று கேட்டால் சொல்ல முடியாது என்கிறார். அந்த நாட்களில் தூக்கமே இல்லை.

எங்கள் தரப்பு பதில் போனபிறகு, மறுமதிப்பீடு செய்கிறோம் என்று துறையே இறங்கி வந்தது. உடனே மனு முடித்துவைக்கப்பட்டது, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று. கான்ட்ராக்ட் எங்களுக்கு என்று அர்த்தமில்லை, மறுமதிப்பீடு இன்னும் நடக்கிறது. தெளிவான பிழையை அறிக்கை கொடுக்கும் வரை இழுத்தடித்ததால் வக்கீல் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்றார்கள், அதற்கும் 15 நாள்தான் கெடு. சரி, அதையும் போட்டுவிட்டோம்.