கிளிநொச்சியிலிருந்து கால் மைல் ஓட்டத்துக்கு: அனுசரணை தேடிய ஒன்பது மாதம்

பரந்தன் தாண்டி ஆனையிறவுப் பக்கம் போகும்போது ஏ9 வீதி நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு அங்கே பெடியள் மோட்டார் சைக்கிளைச் சோடி சோடியாக நிறுத்தி, நேர் பாதையில் யார் முதலில் முடிப்பது என்று ஓட்டுவார்கள். ட்ராக் றேஸ் என்பது இதுதான்; முறையான போட்டியில் தூரம் கால் மைல். 2022இல் கியூஆர் கோட்டுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில் மட்டும் அது அடங்கிக் கிடந்தது. பெற்றோல் வந்ததும் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். என் கராஜில் ஏழு வருஷமாக நிற்கிற தம்பியும் அதில் ஒருவன். கூடப்பிறந்தவன் இல்லை, ஆனால் வீட்டுப் பிள்ளை மாதிரி.

ஒருநாள் இரவு அவனோடு ஓடிய பெடியன் கட்டாக்காலி மாட்டில் மோதித் தொடையெலும்பு முறிந்து கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது நான். திரும்பி வரும் வழியில் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "ஓடத்தான் போறாய் எண்டால், றோட்டில வேண்டாம். முறையான போட்டியில ஓடு. காசை நான் பார்க்கிறன்."

சொல்வது சுலபம். கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. தோல் உடுப்பு, கையுறை, சப்பாத்து, தரமான ஹெல்மெட், கழகத்தின் வழியாகப் போட்டி அனுமதி, பதிவுக் கட்டணம், பின் ரயர், கிளட்ச் பிளேற், பல்சக்கரம், தெற்குக்குப் பைக்கை ஏற்றிப் போக வாகனக் கூலி எல்லாம் சேர்ந்து 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இரண்டாம் கை தோல் உடுப்பு மட்டுமே 90 ஆயிரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பைக்குக்கும் உதிரிப்பாகத்துக்கும் விலை ஏறினது ஏறினதுதான். ஒரு சின்னக் கராஜ் தனியாகத் தாங்கக்கூடிய தொகை இல்லை இது. அப்படித்தான் அனுசரணை தேடிக் கிளம்பினேன்.

முதல் கடிதம் ஒரு பக்கம். "எமது பிரதேச இளைஞனின் திறமையை ஊக்குவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். பிரதியெடுத்துக் கிளிநொச்சி நகரத்தில் பதினொரு இடத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். லீசிங் கம்பனி, தொலைபேசிக் கம்பனியின் கிளை, மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம், ஒயில் முகவர் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒரு கிளை முகாமையாளர் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, கிரிக்கெட் எண்டா யோசிக்கலாம், கரப்பந்து எண்டாலும் பரவாயில்லை. உது றோட்டில ஓடிச் சாகிற விளையாட்டெல்லோ?" அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. வீதியில் ஓடிச் சாகாமல் இருப்பதற்காகத்தானே நான் அவர் முன்னால் இருந்தேன். ஆனால் அதைக் கடிதத்தில் ஒரு வரியாகக்கூட நான் எழுதவில்லை. பிழை என்னுடையதும்தான்.

மற்ற இடங்களில் "கொழும்புக்கு அனுப்பவேணும்" என்ற பதில். கொழும்பிலிருந்து வந்த பதில், ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி பல்கலைக்கழக லீவில் வந்திருந்தவள் எழுதித் தந்தாள். அப்புறம் மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை.

அந்த மூன்று மாதத்தில்தான் இரவிரவாக அமெரிக்க ட்ராக் றேஸ் ஓட்டங்களின் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருநாள் 1970இல் நடந்த ஒரு விஷயம் கண்ணில் பட்டது. டொன் புருடோம், டொம் மெக்ஈவன் என்ற இரண்டு ஓட்டக்காரர்கள் மட்டெல் என்ற விளையாட்டுப் பொருள் கம்பனியிடம் போகிறார்கள். அதுவரை இந்த விளையாட்டுக்குக் காசு போட்டவர்கள் பெரும்பாலும் ஒயில், ரயர், உதிரிப்பாகக் கம்பனிக்காரர்கள். மட்டெல் இவர்களின் காரில் பெயரை ஒட்டியதோடு நிற்கவில்லை. இரண்டு காரையும் ஹொட்வீல்ஸ் விளையாட்டுக் காராகச் செய்து, ஓடவிடும் பாதையோடு சேர்த்துக் கடைகளில் விற்றது. ஓட்டத்தை ஒருநாளும் நேரில் பார்க்காத பிள்ளைகளின் வீட்டுக்குள்ளே அந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். வளர்ப்பது என்றால் அதுதான். ஜோன் ஃபோர்ஸ் என்ற இன்னொரு ஓட்டக்காரரைக் காஸ்ட்ரோல் ஒயில் கம்பனி ஏறக்குறைய 30 வருஷம் விடாமல் பிடித்திருந்தது, அவர் 16 தடவை சம்பியன் ஆனார்.

அங்கேயும் எல்லாம் நல்லபடி இல்லை. அங்கே இந்த ஓட்டங்களை நடத்தும் சங்கமான என்.எச்.ஆர்.ஏயின் தொடரை 1975 முதல் 2001 வரை தாங்கியது வின்ஸ்டன் சிகரெட். சிகரெட் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் அது போய்விட்டது. 2020இல் கொரோனாவோடு கொக்கா கோலா ஒப்பந்தத்தை இடையில் விட்டுப் போக, என்.எச்.ஆர்.ஏ வழக்குப் போட்டது. அவ்வளவு பெரிய விளையாட்டே ஒரு கையெழுத்தை நம்பித் தொங்குகிறது என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் பயம்தான் வந்தது. இங்கே 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுபான, சிகரெட் கம்பனிகள் அனுசரணை வழங்க முடியாது. அது நல்ல சட்டம். அந்தக் காசு எனக்கு வேண்டாம். ஆனால் அந்த இடத்தை மற்றக் கம்பனிகள் நிரப்பவில்லை என்பதும் உண்மை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஐந்தாம் மாதம் ஒரு ஒயில் கம்பனி சம்மதித்தது. ஒன்றரை இலட்சம் ரூபாய், இரண்டு ரீசேட், ஒரு கட்டு ஸ்ரிக்கர். பெற்றோல் தாங்கியின் இரண்டு பக்கமும் பெயர் தெரியவேண்டும், படம் எடுத்து அனுப்பவேண்டும். பணம் போட்டி முடிந்து பற்றுச்சீட்டுகள் கொடுத்து 90 நாளில். வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன், வீட்டுக்கு வந்து மனைவியின் சங்கிலியை அடகு வைத்தேன். காசு தேவை ஓடுவதற்கு முதல்தானே. மிச்சத்தை யார் தந்தது? உதிரிப்பாகக் கடை முதலாளி கிளட்ச் பிளேற்றையும் பைக் செயினையும் கடனாகத் தந்தார், பிறகு அந்தக் காசை வாங்கவே இல்லை. தம்பியின் மாமா சுவிஸிலிருந்து ஹெல்மெட் அனுப்பினார். விலாசமிட்ட கடிதம் ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

போட்டியன்று விடிய நாலு மணிக்கே பாதைக்குப் போய்விட்டோம். தம்பி பின் ரயரில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிச் சூடாக்கியபோது எழும்பிய மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. முதல் சுற்றில் வென்றான். இரண்டாம் சுற்றில் கால் மைலை, அதாவது 402 மீற்றரை, 17.4 விநாடியில் முடித்தான், பக்கத்துப் பெடியனுக்கு 17.5. ஆனால் வென்றது பக்கத்துப் பெடியன். பச்சை விளக்குக்கு அவன் 0.3 விநாடியில் கிளம்பிவிட்டான், எங்கட தம்பிக்கு 0.6 போய்விட்டது. வண்டி நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரம் எண்ணப்படும், கோட்டை யார் முதலில் தொடுகிறார் என்பதுதான் வெற்றி. வீதியில் ஒருவன் கையைத் தூக்கிக் காட்டக் கிளம்பிப் பழகிய பிள்ளைக்கு விளக்குப் பார்த்துக் கிளம்ப எங்கே பயிற்சி? இந்த நேரங்களை அச்சடித்துத் தந்த நேரச் சீட்டு கசங்கி எழுத்து மங்கிப்போன பிறகும் அவன் பேர்ஸில்தான் இருக்கிறது.

கம்பனியிலிருந்து அன்றைக்கு யாரும் வரவில்லை. அடுத்த நாள் ஒரு அழைப்பு வந்தது: "வின் பண்ணினதா?" இல்லை என்றேன். படத்தை அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். கிளிநொச்சியில் ஒரு பனரும் இல்லை, அவர்களின் முகநூல் பக்கத்தில் எங்கள் பிள்ளையின் பெயரும் இல்லை. காசு வந்தது உண்மை, 90 நாள் என்றது 131 நாளில். நன்றி சொல்கிறேன். ஆனால் போதுமா என்று கேட்டால் போதாது. தொகை குறைவென்று சொல்லவில்லை. ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அதுதான் என் மனக்குறை. அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்து, ஒருநாள் மூடிய பாதை, அம்புலன்ஸ், விளக்கு என்று ஒரு பயிற்சி நாளை இங்கே நடத்தியிருந்தால் பரந்தனில் இரவு ஓடும் பெடியளில் பத்துப் பேராவது வந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வட்டக்கச்சிப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரி பார்க்கப் போயிருந்தேன். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு பெயர்: இன்னாரின் ஞாபகார்த்தமாக, இன்ன கடையின் சார்பில். அந்தக் கடைக்காரர் வேலியோரம் புழுதிக்குள் நிற்கிறார், மாட்டின் பெயர்கூட அவருக்குத் தெரியும். வென்றவனும் தோற்றவனும் அடுத்த நாள் அவர் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

இந்த முறை கடிதம் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் வீதி விபத்து, அந்தப் பெடியனின் கால். இரண்டாம் பக்கத்தில் ஒயில் மாற்ற என்னிடம் மாதம் எத்தனை பைக் வருகிறது என்ற கணக்கு, நேரச் சீட்டின் பிரதி. மூன்றாம் பக்கத்தில் காசு மட்டும் கேட்கவில்லை: இரண்டு ரயர், பத்து ஹெல்மெட், போட்டிக்கு முன் பாதிப் பணம், அவர்களில் ஒருவர் நேரில் வரவேண்டும் என்று நான்கு விஷயம். ஆறு பேருக்குக் கொடுத்தேன். ரயர்க் கடைக்காரர் ஒருவர் அன்றைக்கே சம்மதித்து, "எப்ப ஓட்டம்? நானும் வாறன்" என்றார். காலை முறித்த பெடியன் இப்போது என் கராஜில் இருந்து, பழைய பற்றரியில் மூன்று செம்மஞ்சள் பல்ப்பும் ஒரு பச்சையும் பூட்டித் தம்பிக்கு விளக்குப் போட்டுப் பழக்குகிறான். நேற்று 0.4க்கு வந்துவிட்டது.