வேப்ப மணை: ஆணியில்லாமல் சட்டம் ஏற்றியது

மணைக்கு அடியில் குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அடித்தால், மதுரைப் பக்கத்து வெயிலுக்குப் பலகை வெடித்துவிடும். சித்திரையில் மரம் அகலவாக்கில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். சட்டமோ தன் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இரண்டையும் ஆணி பிடித்துக்கொண்டிருந்தால் பலகை நடுவில் பிளக்கும். அதனால் பலகையின் அடியில் குறுக்கே காடி (நீளப் பள்ளம்) வெட்டிச் சட்டத்தை ஓட்டி ஏற்றியாயிற்று. காடியின் அடி அகலம், வாய் குறுகல். சட்டம் ஓடும், கழன்று விழாது.

பலகை 16 இன்ச் நீளம், 11 இன்ச் அகலம், 10 நூல் கனம் (8 நூல் ஒரு இன்ச்). அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் ஒரு வருஷம் காய்ந்த வேம்பு. வைரம் (உள்மரம்) மட்டும்தான். வெளிறு (வெளிமரம்) இருந்தால் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும். நடுத்தண்டு ஓடும் பலகையையும் ஒதுக்கிவிட வேண்டும், கட்டாயம் விரியும்.

இழைப்பதில் வேம்பு படுத்தும். நார் முன்னும் பின்னுமாகப் பின்னியிருப்பதால் ஒரு கோடு வழவழப்பாகவும் பக்கத்துக் கோடு பிய்ந்தும் வரும். முதலில் குறுக்கே இழைத்து முறுக்கை எடுத்து, பிறகு நீளவாக்கில். இழைப்புளித் தகட்டுக்கு மேல் இருக்கும் மூடித் தகட்டை விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் நகர்த்தியதும் பிய்ச்சல் நின்றது. சுருள் வெங்காயத் தோல் கனத்துக்கு வரவேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் பூவரசில் ஆரம்பிப்பது நல்லது.

காடிதான் இந்த வேலையின் உயிர். ஆழம் 3 நூல், வாய் 6 நூல், அடி 7 நூல். ஒரு பக்கக் கோடு நேர். மறுபக்கக் கோடு பின்விளிம்பில் அரை நூல் உள்ளே வாங்கும். அப்போதுதான் சட்டம் கையால் ஓடி, கடைசி ஒரு இன்ச்சில் கொட்டாப்புளிக்கு (மரச் சுத்தியல்) இறுகும். பென்சில் கோடு போதாது, கத்தியால் கீற வேண்டும். ரம்பம் அந்தக் கீறலில் உட்காரும். சாய்வாக இழைத்த ஒரு கட்டையைக் கோட்டில் பிடித்து, ரம்பத்தை அதன்மேல் ஒட்டி அறுத்தால் சாய்வு மாறாது. நடுவில் இருப்பதை உளியால் இரண்டு விளிம்பிலிருந்தும் உள்நோக்கி எடுக்க வேண்டும். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறுவிளிம்பு சிலாம்பாகப் பெயரும்.

முதல் காடியில் சட்டம் பாதி வழியில் நின்றது. பக்கம் இறுக்கம் என்று நினைத்துச் சட்டத்தின் கன்னத்தைச் சீவியதுதான் தப்பு. ஏறியது, ஆனால் லொடலொடவென்று. அப்புறம் சட்டம் முழுக்க அடுப்புக்கரி தடவி ஓட்டிப் பார்த்தால், கரி ஒட்டியிருந்தது காடியின் தரையில், நட்டநடுவில். விளிம்பில் ஆழம் சரியாக இருந்தும் நடு மேடாக இருந்திருக்கிறது. ஒரு துண்டுக் கட்டையில் ஆணியை அடித்து முனை சரியாக 3 நூல் வெளியே நிற்க விட்டு, காடி நெடுக ஓட்டினால் மேடு உடனே தட்டுப்படும். இரண்டாவது காடியில் இதைச் செய்த பிறகு சட்டம் ஒரே ஓட்டத்தில் ஏறியது. முதல் சட்டத்துக்கு, கன்னத்தில் வேப்பஞ்சுருளையே வச்சிரம் (மரவேலைப் பசை) போட்டு ஒட்டி, காய்ந்ததும் சீவிப் பொருத்தியாயிற்று.

காடிக்குள் வச்சிரம் போடவே கூடாது. நடுவில் ஒரே ஒரு மூங்கில் ஆணி போதும், பலகை இருபக்கமும் சமமாக நகரும். சட்டத்தைப் பலகை அகலத்தைவிட ஒரு நூல் குட்டையாக விட்டிருக்கிறது. இல்லையென்றால் வெயில் காலத்தில் பலகை சுருங்கி, சட்டத்தின் முனை நீட்டிக்கொண்டு காலில் இடிக்கும்.

பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், மெலிதாக மூன்று கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். பலகையின் இன்றைய அகலத்தை அடிப்பக்கம் பென்சிலால் குறித்திருக்கிறது. ஐப்பசியில் மறுபடி அளக்க வேண்டும்.