மேலுதட்டுக்கு மேலே, ஒரு விரல் அகலம்

18 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். கை தைத்துக்கொண்டிருக்கும், மனசு அதன் பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். போன வருடம் ஆவணி முகூர்த்தம் வரை அது எனக்கு ஒரு தொல்லையாகத் தெரிந்ததே இல்லை. அந்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் கை இறுகிப்போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். அவள் பெரியம்மா கடை வாசலில் நாலு பேர் முன்னால் பேசிய பேச்சு, ஆறு மாதம் கழித்தும் ராத்திரி படுத்தால் காதில் ஓடியது. நானும் உள்ளுக்குள்ளே விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடையைப் பூட்டிவிட்டுச் சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது தியான மையத்துக்குப் போனேன். கோயங்கா என்ற ஆசிரியர் வழியில் சொல்லித்தரும் விபஸ்ஸனா தியானம், 10 நாள் முகாம். பர்மாவில் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு 1969-ல் அவர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. கட்டணம் கிடையாது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள். யாரோடும் பேச்சு இல்லை, படிக்க எழுத எதுவும் இல்லை. காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள்.

முதல் மூன்று நாளும் ஒரே வேலைதான், ஆனாபானா. மூக்கு வழியாகப் போய்வரும் மூச்சைக் கவனிப்பது. அதை நீட்டவும் கூடாது, அடக்கவும் கூடாது. மந்திரமும் சேர்க்கக் கூடாது. எனக்குக் கஷ்டமே அங்கேதான். மூச்சு இழுத்தாலே "முருகா" என்று வருகிற வாய் இது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் மனசு சீக்கிரம் அடங்கும், ஆனால் கவனம் சொல்லோடு போய்விடும், மூச்சை உள்ளபடி பார்க்க முடியாது என்று விளக்கினார்கள். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

முதல் நாள் இரண்டு மூச்சு, உடனே பெரியம்மா. "சீ, மறுபடியுமா" என்று என்னையே திட்டிக்கொள்வேன். அப்புறம் பெரியம்மாவின் குரலும் என் திட்டும் சேர்ந்து ஓடும். மறுநாள் மதியம் ஆசிரியை அம்மாவிடம் போய், மனசு நிற்கவே மாட்டேன் என்கிறது என்றேன்.

"போனது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. ஆனா ரொம்ப நேரம் கழிச்சுதான்."

"தெரிஞ்சதும் மூச்சுக்கு வந்துடுங்க. ஏன் போனேன்னு கணக்குக் கேட்காதீங்க."

ரொம்ப அலைந்தால் சில மூச்சு மட்டும் கொஞ்சம் பலமாக விட்டு, பிறகு இயல்பாக விட்டுவிடச் சொன்னார். இது உண்மையிலேயே உதவியது. பலமாக விட்ட மூச்சு படும் இடம் நன்றாகத் தெரியும். அந்த இடத்திலேயே காத்திருந்தால் மெல்லிய மூச்சும் பிடிபடும்.

மூன்றாம் நாள் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள ஒரு விரல் அகலத்தோடு நிற்கச் சொன்னார்கள். இடம் சிறுக்கச் சிறுக்க மனசு கூர்மையாகும் என்றார்கள். தையல்காரிக்கு இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். நூல் நுனியை நாக்கில் நனைத்து, கண்ணைச் சுருக்கி ஊசிக் காதைப் பார்க்கும் அந்த நொடியில் உள்ளே பேச்சே இருக்காது. அதே மாதிரி உட்கார்ந்தேன். இடது மூக்கில் குளிர்ச்சியாக ஏறியது. வெளியே வரும்போது உதட்டுக்கு மேலே லேசான சூடு. வலது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் மாறியது. இத்தனை வருடம் இழுத்த மூச்சு ஒரு பக்கமாக ஓடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண் கலங்கிவிட்டது.

பெரியம்மா அன்றைக்கும் வந்தார். ஆனால் "இதுக்குப் பேர் தையலா" என்ற முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பதில் சொல்ல ஆரம்பிக்கவில்லை.

நாலாம் நாளிலிருந்துதான் விபஸ்ஸனா, உடம்பு முழுக்கத் தெரியும் உணர்வுகளைக் கவனிப்பது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். வீட்டில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்குக் காலை 5 மணிக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. புதிதாக உட்காருகிறவர்கள் முதலில் அந்த ஒரு விரல் அகலத்தைக் கண்டுபிடியுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இன்று காலை கொக்கி வைக்காத இரண்டு ஜாக்கெட்டுக்குப் போனேன், கரண்ட் பில்லுக்குப் போனேன், பெரியம்மாவிடமும் ஒரு தடவை போனேன். திரும்பி வந்தபோது மூச்சு வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.