மண்ணு சூடு

ப்ராசஸ் இன்ஜினியர்னா என்ன வேலைன்னு சொந்தக்காரங்க கேட்டா, ஒரு மணி நேரத்துல நூறு பீஸ் வர்ற எடத்துல நூத்திப்பத்து வர வைக்கிற வேலைன்னு சொல்லுவேன். கோயம்புத்தூர் பக்கம் இரும்ப உருக்கி பம்ப் காஸ்டிங் ஊத்துற ஒரு ஃபவுண்ட்ரில சேந்த புதுசுல நானே அதத்தான் நம்பிட்டு இருந்தேன்.

முதல் மூணு மாசம் ஸ்டாப்வாட்ச்சோட மோல்டிங் லைன்லயே, அதாவது இரும்பு ஊத்தறதுக்கு மண்ணுல அச்சு எடுக்கற எடத்துலயே நின்னேன். பேட்டர்ன், அதாவது மண்ணுல அமுக்கி அச்சு எடுக்கற மாதிரி உருவம், அத மாத்துறதுக்குத்தான் ரொம்ப நேரம் போச்சு, ஸ்பேனர் ஒரு பக்கம் போல்ட் ஒரு பக்கம்னு தேடிட்டு இருப்பாங்க, அடுத்த பேட்டர்ன ஸ்டோர்லேர்ந்து எடுத்துட்டு வர்ற வரைக்கும் மிஷின் சும்மா நிக்கும். எல்லாத்தையும் முன்னாடியே மிஷின் பக்கத்துல கொண்டாந்து வச்சோம், அவ்ளோதான், போர்டுல பாக்ஸ் கணக்கு (எத்தன மண்ணு அச்சு போட்டோம்ங்கற கணக்கு) ஏறுச்சு, மேனேஜர் கூப்ட்டு பாராட்டுனாரு.

அப்பறம் ரெண்டு வாரத்துல, காஸ்டிங்க சுத்தம் பண்ணி பிசிறு எடுக்கற ஃபெட்லிங்லேர்ந்து ஒவ்வொரு பீஸா திரும்பி வர ஆரம்பிச்சது. புளோ ஹோல். மேல பாத்தா பளிச்சுன்னு இருக்கும், உள்ள காத்து குமிழி. அதுல பாதி இங்க தெரியவே தெரியாது, பம்ப் கம்பெனில மெஷினிங் போட்டு தோல் உரிஞ்சப்பறம்தான் ஓட்டை வாய பொளந்துட்டு நிக்கும். ஒரு டன் இரும்பு உருக்க இண்டக்‌ஷன் ஃபர்னேஸ்ல கிட்டத்தட்ட 600 யூனிட் கரண்ட் ஆகுது, ரிஜெக்ட் ஆன பீஸ உடைச்சு மறுபடி உருக்குனா அந்த கரண்ட் ரெண்டாவது தடவ போகுது, மோல்டிங் கூலி, ஃபெட்லிங் கூலி எல்லாம் வீண். போர்டுல இருந்த பாக்ஸ் கணக்குல இது எதுவுமே வராது. அது எனக்கு ரொம்ப வலிச்சது.

மெட்டல் கெமிஸ்ட்ரி பாத்தோம், ஊத்துற டெம்பரேச்சர் பாத்தோம், எல்லாம் சரி. கம்ப்யூட்டர்ல டேட்டாவ பிரிச்சு பாத்தப்ப ஒண்ணு மட்டும் தெரிஞ்சது, காலைல ஷிஃப்ட் ஆரம்பிச்சப்ப போட்ட பாக்ஸ் எல்லாம் நல்லா இருக்கு, மத்தியானத்துக்கு மேலதான் கெடுது. ஏன்னு தெரியல.

மோல்டிங்ல இருவது வருஷத்துக்கு மேல இருக்கற ஒரு அண்ணன். அவரு ஹாப்பர்லேர்ந்து ஒரு பிடி மண்ண அள்ளி இறுக்கி பிடிச்சு ரெண்டா ஒடச்சு காட்டுனாரு, ஒடஞ்ச எடம் கூரா இல்லாம பொலபொலன்னு உதுந்துச்சு. "தம்பி, மண்ணுக்கு காய்ச்சல் அடிக்குதுங்க, நீங்க இரும்ப போய் பாத்துட்டு இருக்கீங்க"ன்னாரு. கைய வச்சு பாத்தா நெசமாவே சுட்டுது.

விஷயம் இதுதான். அச்சு போடற மண்ண கிரீன் சேண்டும்பாங்க, அது சிலிகா மணல், பென்டோனைட் களிமண்ணு, கொஞ்சம் நிலக்கரி தூள், அப்பறம் 3 லேர்ந்து 4 சதவீதம் தண்ணி. களிமண்ணு தண்ணிய குடிச்சாத்தான் மணல் ஒண்ணோட ஒண்ணு பிடிக்கும். ஊத்துற இரும்பு 1,400 டிகிரி பக்கம், அந்த சூட மண்ணு வாங்கிக்குது, அச்ச ஒடச்சு காஸ்டிங்க வெளிய எடுக்கற நாக் அவுட்ல உதுந்து பெல்ட்ல ஏறி, மண்ணு கலக்கற மிஷினான மல்லருக்கே திரும்ப வருது. அப்டி வர்ற மண்ணு 50 டிகிரிக்கு மேல இருந்தா ஊத்துற தண்ணி களிமண்ணுக்குள்ள போறதுக்குள்ள ஆவியா பறக்குது, போற வழில குளிர்ந்த பேட்டர்ன் மேல வேர்த்து மண்ணு ஒட்டுது. மண்ணு காயுதேன்னு மல்லர்காரர் தண்ணிய இன்னும் கூட்டுவாரு, ஒரு எடம் காஞ்சு ஒரு எடம் சொதசொதன்னு, ஈரம் ஜாஸ்தியான எடத்துல இரும்பு பட்டதும் நீராவி கெளம்பும், வெளிய போக வழி இல்லாம காஸ்டிங்குக்குள்ளயே மாட்டிக்கும்.

மண்ணு ஏன் புதுசா சூடாச்சு? சிஸ்டத்துல இருக்கற மொத்த மண்ணு அதே அளவுதான், நாந்தான் பாக்ஸ கூட்டி விட்டேன், அதே மண்ணு சீக்கிரம் சீக்கிரமா சுத்தி வந்துச்சு, ஆறுறதுக்கு நேரமே இல்ல. அன்னிக்கு நைட்டு எனக்கு தூக்கம் வரல.

மண்ண ஆற வைக்கற சேண்ட் கூலர் வாங்க அப்ப காசு இல்ல. ரிட்டர்ன் பெல்ட்லயே நாக் அவுட்ட தாண்டுன உடனே தண்ணி ஸ்பிரே வச்சோம், 1 சதவீதம் தண்ணி ஆவியா போனா மண்ணுல சுமார் 25 டிகிரி எறங்கும், மல்லருக்கு வர்றதுக்குள்ள ஈரமும் ஓரளவு சமமா பரவிடும். அடுத்து பிளானிங் ஆளுங்ககிட்ட ஒக்காந்து பேசுனேன். வெயிட்டான பம்ப் பாடியா தொடர்ந்து போட்டா பாக்ஸுல மண்ணு கம்மி இரும்பு ஜாஸ்தி, சூடு ஏறத்தான் செய்யும், அதனால நடுநடுவுல சின்ன பேட்டர்ன கலந்து ஓட்டுனோம். பாக்ஸ் கணக்கு கொஞ்சம் எறங்குச்சு. அத மேனேஜர்கிட்ட புரிய வைக்கத்தான் நெறைய மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு, போர்டுல பாக்ஸ அழிச்சிட்டு "நல்ல பீஸ்"னு எழுத ஒத்துக்க வைக்கறதுக்கே ஒரு மாசம் ஆச்சு. ஆனா மத்தியான ஷிஃப்ட்டு காலை ஷிஃப்ட் மாதிரியே ஆச்சு, பம்ப் கம்பெனிலேர்ந்து போன் வர்றது கொறஞ்சது.

இப்ப அரை மணிக்கு ஒருக்கா மண்ணு டெம்பரேச்சர் எழுதற ரெஜிஸ்டர் இருக்கு. அதுல கடைசியா இருக்கற கட்டத்துக்கு "கை"ன்னு பேரு வச்சிருக்கேன். அண்ணன் ஒரு பிடி பிடிச்சு ஒடச்சு பாத்துட்டு சரி, சரியில்லன்னு சொல்லுவாரு, அதையும் மீட்டர் ரீடிங் பக்கத்துலயே எழுதிடுவோம். ரெண்டும் ஒத்துப்போகலன்னா நான் மல்லர்கிட்ட போய் நிப்பேன்.