ஒளி உறுதிச் சோதனை: செய்முறைத் தேர்வுக்குப் போகும் முன்

சாயத்துணியின் ஒளி உறுதியை, அதாவது ஒளி பட்டும் நிறம் வெளுக்காமல் தாங்கும் தன்மையைச் சோதிக்கும் செய்முறையில் மாணவர் பலர் தடுமாறுவது கருவியை இயக்குவதில் அன்று, வைவா எனும் வாய்மொழித் தேர்வில்தான். எத்தனை மணி நேரம் செனான் விளக்கின் (பகல் ஒளியை ஒத்த ஒளி தரும் விளக்கு) கீழ் வைத்தோம் என்பதை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். தேர்வாளரோ, கூடவே வைத்த நீலக் கம்பளித் துணிகள் எதற்கு என்று கேட்பார்.

இச்சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 105-பி02 முறையில் தரத்தை முடிவு செய்வது கடிகாரம் அன்று, அந்தக் கம்பளித் துணிகளே. 1 முதல் 8 வரை எண்ணிட்ட அவற்றில் 1 மிக விரைவில் வெளுக்கும், 8 மிக நீண்ட காலம் தாங்கும். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஒளியைத் தாங்குவதால், தரம் 4-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய நான்கு மடங்காகும். இதைச் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாகக் கொள்ளலாம்.

அடுத்த குழப்பம் கிரே ஸ்கேல், அதாவது நிறமாற்றத்தின் அளவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் சாம்பல் நிற அளவுகோல். அது 5-இலிருந்து 1 வரை இறங்குவது. 5 என்றால் நிறம் மாறவேயில்லை என்று பொருள். மாதிரியின் ஒரு பகுதியை ஒளிபுகா அட்டையால் மறைத்து, மறைத்த பகுதிக்கும் வெளிப்பட்ட பகுதிக்கும் உள்ள வேறுபாடு கிரே ஸ்கேல் 4-ஐ எட்டும்போது மேலும் ஒரு பகுதியை மறைத்து, 3-ஐ எட்டும் வரை தொடர வேண்டும். அந்நிலையில் மாதிரியின் அளவுக்கு வெளுத்திருக்கும் நீலத்துணியின் எண்ணே மாதிரியின் தரம். இரண்டுக்கு இடைப்பட்டிருந்தால் 4-5 என்று எழுதலாம். மஞ்சள் கிழங்குச் சாயம் தோய்த்த பருத்தியை ஒருமுறை வைத்துப் பாருங்கள்: அட்டையை எடுத்ததும் கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும், உயர் எண் நீலத்துணிகளோ அசையாமல் இருக்கும்.

கருவியிலிருந்து எடுத்தவுடன் தரமிட வேண்டாம். சில சாயங்கள் ஒளியில் தற்காலிகமாக நிறம் மாறி, இருட்டில் மீண்டுவிடும். ஆகவே மாதிரியை இருட்டில் வைத்திருந்து, பிறகே டி65 எனும் தரப்படுத்திய பகல் ஒளியில் ஒப்பிட வேண்டும்.

காரணக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது, சாயம் நிலைநிறுத்தும் பொருளைப் பற்றியது. நேரடிச் சாயமிட்ட (வேறு பொருளின் துணையின்றிப் பருத்தியில் நேராக ஏறும் சாயம்) பருத்திக்கு நேர்மின் வகை நிலைநிறுத்தும் பொருளைக் கொடுத்தால் சலவை உறுதி கூடும், ஆனால் ஒளி உறுதி பெரும்பாலும் குறையும். தகுந்த நேரடிச் சாயங்களுக்குத் தாமிர சல்பேட் கொடுத்தாலோ ஒளி உறுதி உயரும். வெளிர் நிறம் அடர் நிறத்தைவிட விரைவில் வெளுப்பதையும், ஈரக்காற்று பருத்தியில் வெளுப்பை விரைவுபடுத்துவதையும் இதனுடன் சேர்த்துச் சொல்லுங்கள்.