குயில்ட் வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும்

ராயபுரம், பெரம்பூர் பக்கம் மண்டபக் கண்காட்சிகளில் ஒட்டுத்துணிப் போர்வை (குயில்ட்) வாங்கப் போறவங்க முதலில் அதைத் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் எல்லாருமே அழகாத்தான் காட்டுவாங்க. பின்பக்கம் நூல் தொளதொளன்னு வளையமா நின்னா தையல் இறுக்கம் சரியில்லை. உள்ளே உதிரிப் பஞ்சு போட்டிருந்து தையல் வரிசைகள் கையகலத்துக்கு மேல் தள்ளி இருந்தா, துவைக்கும்போது பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிடும். சிவப்பு, கருநீலத் துண்டுகள் மேல் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையைத் தேய்ங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை. சாயம் ஒட்டினா விட்டுடுங்க.

குயில்ட் தைக்க வெட்டுத்துணியை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிறவங்க, துணியில் ஒரு நூலை உருவி, மண்டபத்துக்கு வெளியே வந்து கொளுத்திப் பாருங்க. காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பெரும்பாலும் பருத்தி. உருகி மணியா திரண்டா பாலியஸ்டர் மாதிரி செயற்கை இழை. ரெண்டையும் கலந்து தைச்சா பருத்தி மட்டும் சுருங்கி, போர்வை கோணிக்கும்.

போர்வைக்குப் பின்பக்கம் போடுற அடித்துணி வாங்க பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளே போதும். 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு 44 அங்குல அகலத்தில் 5.25 மீட்டர் எடுத்து, ரெண்டு நீளமா வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் இணைங்க. சுற்றிலும் 4 அங்குலம் கூடுதல், சுருக்கம் எல்லாம் இதில் அடக்கம். மூணரை மீட்டர் போதும்னு சொல்வாங்க, நீளம் பத்தாது.

கடை போடுறவங்க போர்வையை ஊக்கு குத்தித் தொங்கவிடாதீங்க. கடற்காத்துக்கு ஊக்கு துருப்பிடிச்சா கறை லேசில் போகாது. பின்பக்க மேல்விளிம்பில் 4 அங்குலத் துணிக்குழாய் தைச்சு, அதில் கம்பு நுழைச்சு மாட்டுங்க.