சுடுகாட்டுக்கு ஒரு திண்ணை

எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் போகிற வழி முழுக்கச் சீமைக்கருவேலம்தான், விளக்கு கிடையாது, கை கால் கழுவத் தண்ணீர் கிடையாது, இப்படிப் போட்டு வைத்திருந்தால் சாவென்றாலே பயம் வராமல் என்ன செய்யும்?

ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 1915இல் போட்டி வைத்து, அஸ்ப்லுண்ட், லெவரென்ட்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைத்த வனக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1994இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு மேட்டுக்கு ஏறும் படிகள் மேலே போகப் போக உயரம் குறைந்துகொண்டே வரும், துக்கத்தோடு ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கக் கூடாதாம். என்ன ஒரு அக்கறை!

நமக்கும் இது தெரியாததில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று ராமேசுவரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம் பக்கம் போய்ப் பாருங்கள், கடல்காற்று மெழுகுவத்தியை அணைக்க அணைக்கப் பிள்ளைகள் கையைக் குவித்து மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள், ஒரு பயமும் இருக்காது. அதே தீவில் பேய்க்கரும்பில் கலாம் ஐயாவை அடக்கம் செய்த இடத்துக்கும் 2017இல் நினைவிடம் வந்ததிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். (பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான் செலவு செய்வோம், அது வேறு கதை.)

சரி, நமக்கு மண்டபமெல்லாம் வேண்டாம். நாலு பூவரசு, ஒரு தண்ணீர்க் குழாய், வயசானவர்கள் உட்கார ஒரு திண்ணை. அடுத்த கிராம சபையில் கேட்கப் போகிறேன், கூட வருகிறவர்கள் சொல்லுங்கப்பா.